தகிட தகிட தக, கூட ஒரு டீசல் இன்ஜின்

மூணு மாசமா இங்க ஒண்ணும் எழுதல. பாட்டு பண்ணிகிட்டு இருந்தேன். பாட்டுன்னா வாயால பாடுற பாட்டு இல்ல, எங்கம்மா அதுக்கு வெச்சிருக்கிற பேரு "அந்த இரைச்சல்". ரூம் கதவைத் தட்டி "அந்த இரைச்சல நிறுத்திட்டு சாப்பிட வாடா"ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா இந்தத் தடவ இரைச்சலுக்கு அடியில ஒரு ஆட்டம் இருக்கு, ரெகெடோனும் (போர்ட்டோ ரிக்கோ பக்கத்து ஆட்டப் பாட்டு) டான்ஸ்ஹாலும் (ஜமைக்கா ஆட்டப் பாட்டு), அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ வெச்சுகிட்டு ஒக்காருங்க.

ஊர் நீடாமங்கலம் பக்கம். மூணாறு தலைப்பு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வெண்ணாறு வந்து அங்கதான் கோரையாறு, பாமணியாறுன்னு பிரியுது. சின்ன வயசுல அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போய் ஷட்டருக்குக் கீழ தண்ணி விழுற சத்தத்த கேக்க வெப்பாரு. அது ஒரே சத்தம் மாதிரி தெரியும், கொஞ்ச நேரம் நின்னு கேட்டா உள்ள பத்து சத்தம் இருக்கும். நான் எலக்ட்ரானிக் இசைப் பக்கம் போனதுக்கு அதுதான் காரணம்னு சொன்னா ரொம்ப சினிமாத்தனமா இருக்கும், உண்மையான காரணம் எங்க மாமாவோட கேசியோ கீபோர்டு.

மாமா 90கள்ல ஒரு லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிச்சாரு, கல்யாணம், காதுகுத்து, கோயில் கச்சேரின்னு. அந்த கீபோர்டுல ரிதம் பட்டன் வரிசையா இருக்கும், ராக், டிஸ்கோ, வால்ட்ஸ், சம்பான்னு. அவரு வீட்டுல இல்லாதப்ப நான் ரிதத்த மட்டும் ஓட விட்டுட்டு பக்கத்துல படுத்துகிட்டு கேட்டுகிட்டே இருப்பேன். பல வருஷம் கழிச்சு ஒரு விஷயம் படிச்சப்ப எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ஜமைக்காவுல 1985ல டான்ஸ்ஹாலோட மொத்தப் போக்கையும் மாத்துன ஸ்லெங் டெங்ன்னு ஒரு ரிடிம் (பாட்டுக்கு அடியில ஓடுற தாளமும் இசையும்) இருக்கு, வெய்ன் ஸ்மித் பாடி கிங் ஜாமி வெளியிட்டது, அந்த ரிடிமே கேசியோ எம்டி-40 கீபோர்டுல இருந்த 'ராக்' பட்டன்தான்! பட்டன அமுக்கி, வேகத்தக் குறைச்சு, அதுக்கு மேல பாடிட்டாங்க. அந்த பட்டன் ரிதத்த செஞ்சது ஹிரோகோ ஒகுடான்னு ஜப்பான்ல கேசியோ கம்பெனிக்குப் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு, அதுவும் அந்தம்மா காலேஜ்ல ரெகேய பத்தித்தான் ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தாங்களாம். ரெகே கேட்டு வளர்ந்த ஜப்பான் பொண்ணு ஒரு பட்டன்ல போட்டு அனுப்புனது, கடல் தாண்டி ரெகே பொறந்த ஊருக்கே திரும்பிப் போய் அங்க ஒரு புது ரகத்தையே கிளப்பி விட்டுருக்கு. எங்க மாமா அதே கம்பெனி கீபோர்டுல "மருதமலை மாமணியே"வுக்கு ரிதம் தேடிகிட்டு இருந்தாரு, அது வேற.

சரி, ரெகெடோன். இதுல இருக்கிற அந்த ஆட்டத் தாளத்துக்கு டெம்போன்னு பேரு (dembow, வேகத்துக்குச் சொல்ற tempo இல்ல). ஷாபா ராங்க்ஸ் 1990ல பாடுன ஒரு ஜமைக்கா பாட்டுலேர்ந்து வந்த பேரு, தாளம் ஸ்டீலி, க்ளீவின்னு ரெண்டு பேரோடது. அத பனாமாக்காரங்க ஸ்பானிஷ்ல பாட, நியூயார்க் பக்கத்து ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சு ரெக்கார்ட் பண்ண, அந்த டேப் போர்ட்டோ ரிக்கோ போய்ச் சேர, அங்க கேசட்ல சுத்திச் சுத்தி வெட்டி ஒட்டி, 2004ல டாடி யாங்கியோட காசோலினா பாட்டு வந்தப்ப உலகம் பூரா தெரிஞ்சுது. நடுவுல 1995ல போர்ட்டோ ரிக்கோ போலீஸ் கேசட் கடைக்குள்ள பூந்து இந்த கேசட்ட எல்லாம் ஆபாசம்னு அள்ளிட்டுப் போன கதையும் உண்டு. நம்ம ஊர்லயும் தப்பு அடிச்சா "சாவு மோளம்"னு மூஞ்சிய சுளிச்சவங்கதான், இன்னிக்கு அதே வீட்டுக் கல்யாணத்துல செண்டையோட சேத்து தப்பும் வெச்சு வீடியோ போடுறாங்க.

ரிடிம்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு சுருக்கமா, நம்ம மெட்டு மாதிரிதான். ஒரு சினிமா மெட்டுல ஐயப்பன் பாட்டு, அதே மெட்டுல மாரியம்மன் பாட்டு, எலெக்‌ஷன் வந்தா அதே மெட்டுல கட்சிப் பாட்டு கேட்டு வளர்ந்தவங்கதானே நாம. ஜமைக்காவுல ஒரே ரிடிம்ல இருபது பாடகர் ஆளுக்கு ஒரு பாட்டு பாடுவாங்க, யாரும் காப்பின்னு சொல்ல மாட்டாங்க. ஆனா இப்ப க்ளீவியும் ஸ்டீலியோட குடும்பமும் 2021லேர்ந்து கலிஃபோர்னியா கோர்ட்டுல கேஸ் நடத்துறாங்க, இந்தத் தாளம் எங்களோடது, 1,600 பாட்டுக்கு மேல இத எடுத்துப் போட்டுருக்காங்கன்னு. எனக்கு இதுல ரெண்டு மனசு. அவங்களுக்குப் பணம் போயிருக்கணும், அதுல சந்தேகமே இல்ல, கோடி கோடியா சம்பாரிச்சது வேற யாரோ. ஆனா ஒரு தாளத்துக்குப் பட்டா போட முடியும்னு ஆயிருச்சுன்னா என்னைய மாதிரி ஆளு எதத் தொடுறது?

இப்ப எங்க கதைக்கு வர்றேன்.

பக்கத்து வீட்டு அய்யா தவில்காரர். பேர் வேணாம், அவருக்குப் பிடிக்காது. நீடாமங்கலம்னாலே தவில்ல மீனாட்சிசுந்தரம் பிள்ளை பேருதான் முதல்ல வரும், அந்த மண்ணுல பொறந்துட்டு தவில் வாசிக்கிறதே ஒரு பாரம்னு இவரு சொல்லுவாரு. ஒருநாள் சாயந்திரம் நான் திண்ணையில லேப்டாப்ப வெச்சு டெம்போ பேட்டர்ன் அடுக்கிகிட்டு இருந்தேன். எஃப்எல் ஸ்டுடியோங்கிற பாட்டு பண்ற சாஃப்ட்வேர்ல 16 கட்டம், கிக் (கனமா விழுற ட்ரம் அடி) 1, 5, 9, 13ல. ஸ்னேர் (சுள்ளுன்னு விழுற ட்ரம் அடி) 4, 7, 12, 15ல. லூப் ஓடுது. அய்யா செம்புல தண்ணி எடுத்துட்டுப் போனவரு நின்னாரு.

"என்ன தம்பி இது, பட்டறையில இரும்படிக்கிற மாதிரி இருக்கு?"

"வெளிநாட்டுத் தாளம்ங்க அய்யா. ரெகெடோன்."

கொஞ்ச நேரம் கேட்டாரு. செம்ப கீழ வெச்சாரு. வலது கையால தொடையில நாலு நாலா தட்டிகிட்டே வாயில "தகிட தகிட தக, தகிட தகிட தக"ன்னாரு. "இவ்வளவுதானேப்பா? கை சதுஸ்ரத்துல போவுது, வாய் மூணு மூணு ரெண்டுல போவுது. நையாண்டி மேளத்துல சின்னப் பசங்களே வாசிப்பானுங்க."

நான் திரும்ப கட்டத்தப் பாத்தேன். ஒண்ணுலேர்ந்து மூணு, நாலுலேர்ந்து ஆறு, ஏழு எட்டு. அவரு சொன்னது அச்சு அசலா அங்க இருந்துச்சு. ரெண்டாவது தகிடவோட "கி"யில போய் அடுத்த கிக் விழுது பாருங்க, அந்த எடத்துலதான் இடுப்பு ஆடுது, வேற எங்கயும் இல்ல. இத நான் ரெண்டு வருஷமா யூட்யூப் பாத்து மண்டையில ஏத்துனேன், அவரு தண்ணிச் செம்போட நின்னு பத்து செகண்டுல சொல்லிட்டாரு.

உடனே "ரெகெடோனே நம்மகிட்டேர்ந்து போனதுதான்"னு வாட்ஸப்ல கெளம்பிடாதீங்க. மூணு மூணு ரெண்டு உலகத்துல பாதி ஊர்ல இருக்கு, கியூபாவுல அதுக்கு ட்ரெசியோன்னு பேரே இருக்கு, வேரு ஆப்பிரிக்கா. நம்ம ஆளுங்களும் அந்தப் பக்கம் போனாங்க, அது உண்மை. 1853ல ஆரேலின்னு ஒரு கப்பல் மார்ட்டினிக் தீவுல தமிழாளுங்கள இறக்குச்சு, அப்புறம் பாண்டிச்சேரி, காரைக்கால்லேர்ந்து கப்பல் கப்பலா கரும்புத் தோட்டத்துக்குப் போனாங்க. காரைக்கால் எங்களுக்கு பஸ்ஸுல போற தூரம். அங்க மாரியம்மன் கும்புடுறப்ப இன்னும் தப்பு அடிக்கிறாங்க. ஜமைக்காவுல 2000கள் ஆரம்பத்துல 'கூலி டான்ஸ்'னு ஒரு ரிடிமும் 'திவாலி'ன்னு ஒரு ரிடிமும் பயங்கர ஹிட். கூலிங்கிறது நம்ம வார்த்தைன்னு சொல்றவங்க உண்டு, அந்த ஊர்ல அது வசவாவும் இருந்துருக்கு, அதையே ஆட்டத்துக்குப் பேரா வெச்சிருக்காங்க. இதெல்லாம் கேக்கும்போது நெஞ்சுல என்னமோ பண்ணுது, ஆனா அதுக்காக டெம்போவுக்கு நாம தாத்தா ஆயிட முடியாது. சொந்தம் கொண்டாடாமலே அத வாசிக்கலாம்.

அடுத்து எக்ஸ்பெரிமென்டல் பக்கம். இந்தத் தாளத்த வெச்சுகிட்டு மத்ததெல்லாம் உடைச்சுப் போடுற ஆளுங்க கொஞ்ச பேரு இருக்காங்க. வெனிசுவேலாக்காரி ஆர்க்கா, 2020ல கிக் ஐ ஆல்பத்துல டெம்போவ எடுத்து கசக்கி, கண்ணாடி ஒடையுற மாதிரி, சைரன் மாதிரி என்னென்னமோ பண்ணியிருக்காங்க. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், அந்த 1990 ஜமைக்கா பாட்டு வரிகள் ஓரினச் சேர்க்கையாளர்கள அசிங்கமா திட்டுறது. ஆர்க்கா ஒரு திருநங்கை. தன்னைய மாதிரி ஆளுங்கள திட்டுன பாட்டோட தாளத்துலயே நின்னு ஆடுறாங்க. இதுக்கு மேல அந்தத் தாளத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்னு எனக்குத் தெரியல. அப்புறம் நியூயார்க் டிஜே பைத்தான், அவரு அப்படியே எதிர்ப்பக்கம், மாஸ் அமாப்ளேன்னு 2020 ஆல்பம், ஆரம்பிச்சதுலேர்ந்து முடியுற வரைக்கும் டெம்போ பனிமூட்டத்துக்குள்ள நடந்து போற மாதிரி போய்கிட்டே இருக்கும், மார்கழி மாசம் காலைல வயல் வரப்புல நடந்தா இருக்குமே அப்படி. ஜமைக்காவுலேயே இக்விநாக்ஸ்னு ஒரு கூட்டம், 2016ல வந்த ஆல்பத்துல பறவைச் சத்தத்த வெட்டி வெட்டி ரிடிமுக்குள்ள சொருகியிருப்பாங்க. அதக் கேட்டுட்டுத்தான் நான் ரெக்கார்டர தூக்கிகிட்டு செம்போத்து பின்னாடி அலைஞ்சேன். செம்போத்து சத்தம் இருக்கே, "ஊப் ஊப் ஊப்"னு, அத நல்லா கீழ எறக்குனா சப் பேஸ், அதாவது நெஞ்சுல அதிருற அடிச்சத்தம் மாதிரி ஆயிருது, சத்தியமா.

நம்ம ஆள விட்டுட்டா சண்டைக்கு வருவீங்க. லண்டன் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. ரோலண்ட் எம்சி-505ன்னு ஒரு தாளப் பெட்டிய வெச்சு ஆரம்பிச்சு, 2005ல முதல் ஆல்பம், 2007 ஆல்பத்துக்கு சென்னைக்கே வந்து உருமி வாசிக்க வெச்சு ரெக்கார்ட் பண்ணுனாங்க. உருமிய தேய்க்கிறப்ப வர்ற அந்த "உர்ர்ர்ரும்"ங்கிற இழுப்பு எந்த சின்தசைஸர்லயும் கிடைக்காது, ஸ்லைடு பேஸ்னு இன்னிக்குப் பசங்க சொல்றதுக்கெல்லாம் அது பெரியப்பா.

என் கணக்குக்கு வர்றேன். எனக்கு உருமி கிடைக்கல, கிடைச்சது ஒரு டீசல் இன்ஜின். தெற்குத்தெரு சித்தப்பா வீட்டு வயல்ல பழைய காலத்து மெதுவா ஓடுற இன்ஜின், தகட்டுல 650 ஆர்பிஎம்னு போட்டிருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், அப்ப ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி, நிமிஷத்துக்கு 325 வெடி. நாலால வகுத்தா 81 சொச்சம். புரியுதா? இன்ஜின் தானாவே 81 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 81 தாள அடி, ஒரு அடிக்கு நாலு கட்டம்) பதினாறு கட்டத்தையும் அடிச்சுகிட்டு இருக்கு! ரெகெடோன் பொதுவா 90லேர்ந்து 100க்குள்ள ஓடும், கொஞ்சம் வேகம் கூட்டி 92க்கு கொண்டு வந்துட்டேன், வேகம் கூட்டுனதுல சத்தமும் லேசா மேல ஏறி ஒரு பித்தளை வாடை வந்துச்சு. நல்லாருந்துச்சு, விட்டுட்டேன். அந்த வெடி வரிசையில 4, 7, 12, 15ஐ மட்டும் தூக்கி சத்தமா வெச்சேன். ஸ்னேரே போடல. இன்ஜினே டெம்போ வாசிக்குது. தண்ணி இழுக்குறப்ப லோடு ஏறும்போது ஒரு மூச்சு முட்டும் பாருங்க, அந்த எடத்துல தாளமும் அரை மயிரளவு பின்னாடி போவுது, நான் அதையும் சரி பண்ணல. கட்டத்துல ஒட்ட வெச்சா செத்துப்போயிருது.

அதுக்கு மேல தவில். அய்யாவ சம்மதிக்க வெக்க ரெண்டு வாரம் ஆச்சு. "கோயில்ல வாசிக்கிறத இரும்போட சேக்காத"ன்னாரு, அப்புறம் அவரே வந்து விரல் கூட்ட மாட்டிகிட்டு ஒக்காந்தாரு. வலந்தலையில விரல் கூடு படுற சத்தத்துக்கு ஒரு மைக்கு, தொப்பிப் பக்கம் குச்சிக்கு ஒரு மைக்கு. தொப்பிச் சத்தத்த ரிவர்ஸ்ல போட்டு இழுத்தா கதவு மூடுற மாதிரி வருது. இத அவருகிட்ட போட்டுக் காட்டுனப்ப "என்னைய ஏன்டா பின்னாலேர்ந்து வாசிக்க வெக்கிற"ன்னு கேட்டாரு.

மொத்தம் எட்டு நிமிஷம் ஆச்சு. பென்டிரைவ்ல போட்டு ரேடியோ செட் அண்ணன்கிட்ட கொடுத்தேன். எங்க ஊரு மாரியம்மன் கோயில் விடையாத்தி அன்னிக்கு ராத்திரி, பாட்டுக்கச்சேரிக்காரங்க வேன் லேட், நடுவுல அரை மணி நேரம் சும்மா இருக்குன்னு போடச் சொன்னாரு. கிங்ஸ்டன்ல சவுண்ட் சிஸ்டம்னு தெருவுல பெட்டி பெட்டியா அடுக்கி ஒரு செட்டும் இன்னொரு செட்டும் மோதுவாங்களே, ஸ்லெங் டெங் ஊருக்குத் தெரிய வந்ததே 1985 பிப்ரவரியில அப்படி ஒரு மோதல்லதான். நம்ம ரேடியோ செட்டு அதுக்கு ஒண்ணும் கொறஞ்சதில்ல. குழாய் கட்டுன காலத்துலேர்ந்து வடக்குத்தெரு செட்டும் தெற்குத்தெரு செட்டும் சத்தத்துல மோதிகிட்டு இருக்கு, இப்ப 18 இஞ்ச் பேஸ் பெட்டி வரிசையா நிக்கிது. வீட்டு ஹெட்போன்ல கேட்ட என் இன்ஜின் அந்தப் பெட்டியில வந்தப்ப பந்தக்கால் அதிர்ந்துச்சு.

முதல் ரெண்டு நிமிஷம் நான் பெருமையா வெச்சிருந்த பகுதி. தாளமே இல்லாம ஷட்டர் தண்ணிச் சத்தம், பின்னாலேர்ந்து வாசிச்ச தவில், செம்போத்து. ஒருத்தரும் திரும்பல. ஒரு ஆயா "செட்டுல தண்ணி பூந்துருச்சா"ன்னு கேட்டுச்சு. மூணாவது நிமிஷம் இன்ஜின் டெம்போவா மாறி உள்ள வந்துச்சு, பொம்மைக் கடைகிட்ட நின்ன பசங்க ரெண்டு பேரு தோள ஆட்டுனானுங்க, அப்புறம் பத்து, அப்புறம் கணக்கு இல்ல. மேல நான் என்ன கிறுக்குத்தனம் பண்ணாலும் கவலையே படல. குரல கிழிச்சுப் போட்டேன், ஆடுனாங்க. ஒரு நிமிஷம் வெறும் ஷார்ட் சர்க்யூட் மாதிரி கொரகொரன்னு வரும், அதுக்கும் ஆடுனாங்க. அடியில தகிட தகிட தக போய்கிட்டே இருக்குல்ல, அது போதும்.

ஆறாவது நிமிஷத்துல என் புத்திசாலித்தனம். எல்லாம் நின்னுரும். பத்து செகண்டு முழு மௌனம். ஹெட்போன்ல கேட்டப்ப எனக்கே புல்லரிச்ச எடம். விடையாத்தி கூட்டத்துல என்ன ஆச்சுன்னா, மூணாவது செகண்டுல "ஏய் கரண்ட் போச்சு"ன்னு ஒரு குரல். அஞ்சாவது செகண்டுல ரேடியோ செட் அண்ணனோட ஆளு பிளையரோட ஓடி வந்து ஆம்ப்ளிஃபயர் பின்னாடி வயர புடுங்கிட்டான். சத்தம் திரும்ப வர்ற எடத்துல சத்தம் வரல. அதுக்குள்ள கச்சேரி வேனும் வந்துருச்சு. கடைசி ரெண்டு நிமிஷத்த இந்த உலகம் இன்னும் கேக்கல.

நான் ஒரு வாரம் கடுப்புல இருந்தேன். ஜனங்களுக்கு ரசனை இல்ல, ஊரு இல்ல, அது இதுன்னு எல்லா கலைஞனும் பொலம்புற பொலம்பல். வெளிநாட்டுலயும் இந்த மாதிரி கலவை பண்றவங்கள்ல பாதிப் பேரு விழுறது இதுலதான்னு இப்ப தோணுது, நான் புத்திசாலின்னு காட்டுறதுக்குத் தாளத்த உடைப்பாங்க, ஆடுறவன நடுத்தெருவுல விட்டுட்டு. ஆட்டத்த பாத்து உள்ளுக்குள்ள ஒரு கூச்சம். எனக்கும் அது இருந்துருக்கு.

அய்யா அன்னிக்கு கூட்டத்துல பின்னாடி நின்னு கேட்டுருக்காரு. நேத்து வந்தாரு.

"நிறுத்துனது தப்பு இல்லடா. சொல்லாம நிறுத்துனதுதான் தப்பு. நாங்க எத்தன தடவ நிறுத்துறோம், எவனாவது பிளையர் தூக்கிட்டு வர்றானா?"

தீர்மானம் வெச்சுட்டுத்தான் நிறுத்துவாங்க. ஒரே சொல்லுக்கட்டு மூணு தடவ, மூணாவது தடவ சமத்துல, தாளத்தோட முதல் அடியில போய் விழுந்தா, தாளம் தெரியாதவனுக்கும் இங்க நிக்கப்போவுதுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சுரும். இது எனக்குத் தெரியாதா, சின்ன வயசுலேர்ந்து கேட்டதுதானே, ஆனா லேப்டாப் முன்னாடி ஒக்காந்தா மறந்துபோவுது.

கூட்ட மாட்டிகிட்டாரு. மைக்க வெச்சேன். இன்ஜின் லூப்ப அவரு காதுல போட்டு விட்டேன், 92ல ஓடுது. ரெண்டு ஆவர்த்தனம் சும்மா கேட்டுட்டு, தலைய ஆட்டிகிட்டே தகிட தகிட தகவுக்குள்ளேர்ந்தே ஒரு தீர்மானம் எடுத்தாரு. ஒண்ணு. ரெண்டு. மூணாவது விழுந்த எடத்துல நான் இன்ஜின நிறுத்தினேன். பத்து செகண்டு. வெளிய கோரையாத்துப் பக்கம் தவளை மட்டும் கத்துச்சு, அதுவும் ரெக்கார்ட் ஆயிருக்கு. அம்மா கதவத் தட்டல.

"இப்ப போடு"ன்னாரு அய்யா.